மல்லிகா என்கிற தீவுக் காட்டுமாடு

இல்லையில்லை, நீங்கள் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். மாடு காணாமல் போனது முதலில். புதிய வகைக் காட்டு விலங்கைக் கண்டுபிடித்தது அதற்கப்புறம். இரண்டும் ஒன்றுதான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கண்டுபிடித்தவர்களுக்கு மட்டும் தெரியாது. இருங்கள், வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் கோபம் வரும்.

நான் ஜீவிதா. ஊர் மீனாட்சிபுரம். விலங்கியல் படித்து முடித்துவிட்டு, காட்டுக்குள் போய் எதையாவது காப்பாற்றியே தீருவது என்று துடித்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கேட்டிருந்தேன். களப்பணி செய்த சான்றிதழ் ஒன்று கொண்டு வா, சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அன்று சாயங்காலமே என் போனில் அந்த விளம்பரம் வந்துவிட்டது. போன்களுக்கு எப்படித்தான் தெரியுமோ.

‘வெப்பமண்டலத் தீவில் வனவிலங்குகளைக் காப்பாற்ற வாருங்கள்! மக்களோடு மக்களாகப் பணியாற்றுங்கள்!’ நீலத் தண்ணீர், சாய்ந்த தென்னை, ஓர் ஆமை. கீழே முகவரி: மாட்டுப்பட்டி தாண்டி, இடுக்கி மாவட்டம். அத்தனை உயர மலையில் ஏது தென்னை, ஏது கடலாமை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஆர்வம் வந்துவிட்டால் எனக்குப் பூகோளம் மறந்துபோகும்.

அம்மாதான் வாசலில் நின்று கத்தினாள்.

“ஏங்கண்ணு, ஊட்ல கட்டுத்தறி நெறைய மாடு நிக்குது. அதுகளுக்குத் தவுடு வெக்க உனக்கு நேரமில்ல. அங்க போயி எந்த யானைக்குப் பேன் பாக்கப் போற?”

“இது வேறம்மா. இது கன்சர்வேசன்.”

“என்ன கருமமோ. சொட்டர எடுத்துக்க, அங்க குளுரும்.”

தீவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய தேயிலை எஸ்டேட்டின் பின்பக்கம் சின்ன நீர்த்தேக்கம். நடுவில் புல் மண்டிய மேடு. மழைக்காலத்தில் சுற்றிலும் தண்ணீர் நிற்கும்; அப்போது அது தீவு. தை பிறந்து தண்ணீர் வடிந்தால் ஒரு பக்கம் சேறு தெரியும். மாசியில் சேறு இறுகிப் பாதையாகிவிடும். பங்குனியில் ஜீப்பே போகலாம். ஆக, தீவாக இருப்பது அந்த மேடு வருடத்தில் பாதி நாள் மட்டும் பார்க்கிற வேலை. நான் போய்ச் சேர்ந்தது மாசியில்.

இதை ‘நீலவளையத் தீவு உயிர்காப்பு இயக்கம்’ ஒத்துக்கொள்ளவில்லை. அதன் இயக்குநர் நவீன்குமார், உடம்பெல்லாம் பை வைத்த கால்சட்டை போட்டவர். எந்தப் பையிலிருந்தும் அவர் எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை. முதல் நாள் எங்களை வட்டமாக நிற்கவைத்துப் பேசினார்.

“நண்பர்களே, தண்ணீர் இருக்கும்போது தீவு என்பது இயற்கை. தண்ணீர் இல்லாதபோதும் தீவு என்பது அர்ப்பணிப்பு. இந்த மண்ணை மனிதர்களிடமிருந்து காப்பாற்றத்தான் இத்தனை மனிதர்களை அழைத்து வருகிறோம். ஓர் உயிரை யார் வேண்டுமானாலும் காப்பாற்றிவிடலாம். காப்பாற்றுகிறோம் என்று தெரியவைப்பதற்குத்தான் ஓர் இயக்கம் தேவைப்படுகிறது.”

எல்லோரும் கைதட்டினோம். நான் கொஞ்சம் கூடுதலாகவே தட்டினேன்.

தீவுக்குப் படகில்தான் போக வேண்டும் என்பது விதி. புதிதாக வந்தவர்கள் உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்திருப்பார்கள். பயிற்சி முடித்தவர்கள் சேற்றில் இறங்கி அதைத் தள்ளுவார்கள். படகுக்காரர் ஆசீர்வாதம் முன்னால் நின்று துடுப்பை வெறும் காற்றில் போட்டுக்கொண்டிருப்பார்.

“ஏனுங்கண்ணா, எறங்கி நடந்தா வெரசாப் போயர்லாமுங்களே?” என்று அவரிடம் கேட்டேன்.

“போவலாம் தாயி. தீவுக்கு நடந்து போனா அது என்ன தீவு? உக்காரு. சேறு தெறிக்கும், வாய மூடிக்க.”

காலையில் ‘நன்றி வட்டம்’. ஆளுக்கொரு மரத்தைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்ல வேண்டும். அங்கே இருந்ததெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்ட வேட்டில் மரம். புல்வெளியைத் தின்று தீர்க்கிற அதை வெட்டி எறியுங்கள் என்று மூன்று வருடமாக எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன், யாரிடம் என்று தெரியவில்லை. அப்புறம் கரையோரக் குப்பை பொறுக்குதல். நாங்கள் பொறுக்கிக் கொடுக்கும் மூட்டையை ஆசீர்வாதம் பத்திரமாக உள்ளே வைத்துக்கொள்வார். அடுத்த குழு வருகிற அன்று விடிகாலையில் அதே இடத்தில் கொட்டி, அழகாகப் பரப்பி வைப்பார். அது ரொம்ப நல்ல குப்பை. உடைந்த கண்ணாடி ஒன்றுகூட இருக்காது.

பிற்பகலில் சமூகப் பணி. எஸ்டேட் அங்கன்வாடிச் சுவரில் இருவாச்சிப் பறவை வரைய வேண்டும். போன குழு வரைந்த இருவாச்சிக்கு வெள்ளையடித்துவிட்டு எங்கள் இருவாச்சியை வரைந்தோம். சுவரில் எப்போதும் ஈரப் பெயிண்ட் என்பதால் பிள்ளைகள் உள்ளே போனதே கிடையாது. எதிரே மரத்தடியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது ஆடுகள். ஒருநாள் புரவலர்கள் இருவரை உட்காரவைத்துப் படகைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, பக்கத்திலேயே, எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து ஆடுகள் நடந்து வந்து, எங்களை முந்திக்கொண்டு தீவில் ஏறின. ஒன்று நின்று திரும்பிப் பார்த்துக் கத்தியது. நவீன்குமார் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டுமே!

மறுநாள் ஆடுகளைத் துரத்திவிட்டு, பாதைக்குக் குறுக்கே அகழி வெட்டச் சொன்னார். பாட்டெல்லாம் பாடிக்கொண்டு வெட்டினோம். தண்ணீர் பாய்ந்து நிறைந்தது. தீவு மறுபடியும் தீவானது. அந்தப் பக்கம் மேட்டின் மறைவில் மல்லிகா மேய்ந்துகொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

மல்லிகா ஆனந்தி அக்காவின் பசு. அக்கா எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர். கன்றிலிருந்து தடவி வளர்த்த மாடு, முதல் சினை. கோடையில் பச்சைப்புல் இருப்பது அந்த மேட்டில் மட்டும்தான் என்பதால் லயத்து மாடுகள் காலையில் தானாகப் போய், சாயங்காலம் தானாக வரும். மல்லிகா வரவில்லை. வயிறு அகழியைத் தாண்டவிடவில்லை.

விலங்குகளைப் படமெடுக்க நாங்கள் மரத்தில் கட்டி வைத்திருந்த கேமராவில் விழுந்தாள். மங்கலான படம்: கறுத்த பின்பக்கம், முழங்காலுக்குக் கீழே சாக்ஸ் போட்ட மாதிரி நாலு வெள்ளைக் கால். காட்டுமாட்டுக்கும் கால் அப்படித்தான் இருக்கும், அதை மறுக்கவில்லை. நவீன்குமார் குரல் நடுங்கியது.

“தீவில் தனிமைப்பட்ட விலங்குகள் உருவம் சிறுத்துப்போகும். இது குள்ளக் காட்டுமாடு. பல்லாயிரம் ஆண்டுகளாக இங்கேயே வாழ்ந்திருக்கிறது.”

ஆசீர்வாதம் என் காதருகே வந்தார். “இந்த டேமக் கட்டுறப்ப எங்கப்பா கல்லு சொமந்தாரு” என்றார். சொல்லிவிட்டுத் துடுப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை கையில் கயிற்றோடு ஆனந்தி அக்கா முகாமுக்கு வந்தார். கேமராப் படத்தைப் பெரிதாக்கி வாசலிலேயே மாட்டியிருந்தார்கள்.

“இந்தா, இது என் மல்லிகால்லா! சார், இவளத்தான் ஊரெல்லாம் தேடுதேன்!”

நவீன்குமார் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மரியாதையில் அவரிடம் குறை சொல்லவே முடியாது.

“அக்கா, உங்கள் உணர்வை மதிக்கிறேன். காட்டு உயிர்களைத் தங்கள் சொந்தமாக நினைப்பது பூர்வகுடிப் பண்பாட்டின் அழகு.”

“பூர்வகுடியா? நாங்க சங்கரன்கோயில் பக்கம் சார். காதுல மஞ்ச வில்ல இருக்கு பாருங்க. மிருகாசுபத்திரில குத்துனது.”

“ஏற்கெனவே ஏதோ ஆராய்ச்சிக் குழு அடையாளமிட்டிருக்கிறது. அப்படியானால் வெளிநாட்டவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. நிமி, நாம் சீக்கிரம் அறிவிக்க வேண்டும்.”

“கழுத்துல மணி கட்டிருக்கேன் சார். நடந்தா கிணிகிணிங்கும்.”

மலையாளத்துக்காரரான ஒருங்கிணைப்பாளர் நிமி அதையும் குறித்துக்கொண்டார். அன்று மாலை பத்திரிகைகளுக்கு அனுப்பிய செய்தியில், ‘உலோகத்தை ஒத்த ஒலியெழுப்பித் தன் இணையை அழைக்கும் அரிய இனம்’ என்று இருந்தது.

அக்கா எழுந்து நின்றுவிட்டார். “சார், அது தலைச்சன் சினை. மாசம் நெறஞ்சிருச்சு. ஆளில்லாம ஈனையில கன்னு மாட்டிக்கிட்டா ரெண்டு உசுரும் போயிரும். நான் போயி பக்கத்துல இருந்துக்கிடுதேன். வேற ஒண்ணும் வேணாம்.”

“கருவுற்றிருக்கிறதா!” நவீன்குமார் நிமியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இனம் பெருகுகிறது!”

அக்காவை வாசல் வரை கொண்டுபோய் விட்டார்கள். மனித நடமாட்டம் கர்ப்பிணி விலங்கைப் பாதிக்குமாம். மல்லிகாவைத் தூரத்திலிருந்து கவனிக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். விலங்கியல் படித்தவள் அல்லவா! மறைவுக் கூடாரத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்தேன். மடி விம்மிக் கிடந்தது. வாலின் இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூடச் சொல்லிவிடும், நாளைக்குள் ஈன்றுவிடும் என்று. நிமியிடம் ஓடினேன்.

“அக்காளக் கூட்டிட்டு வந்தர்லாமுங்க. இல்ல, ஒரு பக்கெட்டு தவுட்டுத் தண்ணியாச்சும் வெக்கட்டுங்களா?”

“வேண்டா ஜீவிதா. நம்ம மூணாவது ரூல் எந்தா? தொடக்கூடாது. மனுசக் கை பட்டா அது தீவு உயிர் அல்ல. பின்னே, நாளைக்கு சான்றிதழ் வாங்கணும் இல்லே? மறக்கண்டா.”

நாளைக்குத் தீவில் விழா. தலைமைப் புரவலர் கோமதி அம்மையார் வந்து, குள்ளக் காட்டுமாட்டை உலகத்துக்கு அறிவிப்பார். கூடவே எங்களுக்குச் சான்றிதழும் கொடுப்பார். இதில் நிமிக்கு ஒரு கவலை இருந்தது. மக்கள் பங்கேற்பு என்று அழைப்பிதழில் போட்டாகிவிட்டது, மக்கள் இல்லை.

“தாலப்பொலிக்குப் பொம்பளைங்க வேணுமில்லீங்களா?” என்றேன். “தட்டுல வெளக்கு வெச்சுக்கிட்டு நிக்கறதுக்கு? நான் ஒருத்தரச் சொல்றேனுங்க.”

அப்படித்தான் ஆனந்தி அக்கா தீவுக்கு வந்தார். மாட்டின் சொந்தக்காரியாக வர அனுமதி கிடைக்கவில்லை; மக்களாக வரக் கிடைத்தது. கேரளத்துச் செட்டுச் சேலை, தட்டில் விளக்கு, பூ. என்னைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“எங்கடி கெடக்கா?”

“மேட்டுக்கு அந்தப் பக்கமுங்கக்கா. காலைல படுத்துப் படுத்து எந்திரிச்சா. பேச்சு முடிஞ்ச உடனே போயர்லாம்.”

பேச்சு முடியவில்லை. நவீன்குமார் ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டே இருந்தார்.

“அம்மையாரே, எங்களைக் கேட்கிறார்கள், விலங்குக்கு என்ன செய்தீர்கள் என்று. நாங்கள் பெருமையாகச் சொல்கிறோம், ஒன்றும் செய்யவில்லை! உணவு தரவில்லை, நீர் தரவில்லை, அருகே போகவில்லை. ஒன்றும் செய்யாமலிருக்க எங்களுக்கு எவ்வளவு பயிற்சி, எவ்வளவு தன்னார்வலர்கள், எவ்வளவு நிதி தேவைப்பட்டது தெரியுமா?”

அப்போது மேட்டுக்குப் பின்னாலிருந்து நீளமாக ஒரு கத்தல்.

“கேளுங்கள்!” என்றார் நவீன்குமார். “காட்டின் அழைப்பு!”

எல்லோரும் கைதட்டினார்கள். மறுபடியும் கத்தல். மறுபடியும் கைதட்டல். அக்காவின் தட்டில் விளக்கு ஆடியது.

“எங்கடி அழைப்பு? முக்குதா. முக்கி முடியாமக் கத்துதா” என்றார். பக்கத்தில் கையில் எதுவும் இல்லாமல் நின்றவர் கோமதி அம்மையார்தான். “செத்த இதப் பிடிங்கம்மா” என்று தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன்.

மல்லிகா பக்கவாட்டில் படுத்து, கண் பிதுங்கிக் கிடந்தாள். பனிக்குடம் உடைந்து நேரமாகியிருந்தது. குளம்பு ஒன்றுதான் வெளியே தெரிந்தது. அக்கா அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “ஏட்டி மல்லிகா, நான் வந்துட்டேன்டி, முக்குடி ஏந்தாயி” என்று அழ ஆரம்பித்துவிட்டார். இன்னொரு கால் உள்ளே மடங்கியிருக்க வேண்டும். எண்ணெய் இல்லை. என் பையில் வெயிலுக்குப் பூசும் கிரீம் இருந்தது, தேங்காய் மணத்தோடு. முழங்கை வரை பூசிக்கொண்டு கையை உள்ளே விட்டேன். எங்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன், பிடித்துக் கொடுத்திருக்கிறேன். நானே செய்தது அதுதான் முதல் தடவை. மடங்கிய காலைக் குளம்போடு உள்ளங்கையில் பொத்தி, நிமிர்த்தி, வெளியே கொண்டுவந்தேன். நான் போட்டிருந்த உயிர்காப்புச் சட்டையின் பட்டையை அவிழ்த்து இரண்டு காலிலும் சுருக்குப் போட்டேன்.

“அவ முக்கும்போது சொல்லுங்கக்கா!”

“இப்பம்! இப்பம் இழு!”

அவள் முக்கும்போது இழுத்தேன், விட்டபோது விட்டேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி, “மனிதத் தலையீடற்ற ஒரு பிறப்பை நாம் விரைவில் காண்போம்” என்றது. சளக்கென்று மொத்தமாக என் மடியில் வந்து விழுந்தது கன்று. மூச்சு இல்லை. வாயிலிருந்து கோழையை வழித்து எடுத்தேன். அக்கா ஒரு புல்லைக் கிள்ளி அதன் மூக்குக்குள் விட்டு நிமிண்டினார். ஒன்றுமில்லை. பின்னங்கால்களைப் பிடித்து இருவருமாகத் தூக்கினோம். அது தும்மியது பாருங்கள், என் முகத்திலேயே! பெண் கன்று. அம்மாவைப் போலவே நாலு வெள்ளைக் கால்.

மல்லிகா திரும்பி நக்க ஆரம்பித்தபோது, தலைமைப் புரவலர், கேமராக்கள், நிமி, நவீன்குமார் எல்லோரும் மேட்டின் மேல் வந்து நின்றார்கள். கோமதி அம்மையார் கையில் இன்னும் அந்த விளக்குத் தட்டு இருந்தது.

“மணி கட்டியிருக்கிறதே” என்றார் அம்மையார்.

நவீன்குமாரின் நல்ல குணம், எதற்கும் அசர மாட்டார். “தாய் ஒருவேளை வீட்டு மாடாக இருந்து வனமயமானதாக இருக்கலாம். அதை இவர்களே கொண்டுபோகட்டும். ஆனால் கன்று இந்தத் தீவில், இயற்கையாக, மனிதத் தொடுகையின்றிப் பிறந்தது. ஆகவே கன்று காட்டு உயிர். அது எங்கும் போகாது.”

“பால் குடிக்க?” என்றார் அக்கா.

“இயற்கை பார்த்துக்கொள்ளும்.”

அக்கா கன்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நிமி என் பக்கத்தில் வந்து நின்றார். மேடையில் அடுக்கி வைத்த சான்றிதழில் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். என் பெயர் தெரிகிற மாதிரி பிடித்திருந்தார். “தூரத்தில் நின்னு பாத்தேன்னு ஒத்த வாக்கு சொல்லு மோளே” என்றார் மெதுவாக.

“ஜீவிதா, நீங்கள்தானே பார்வையாளர்?” நவீன்குமார் ஒலிபெருக்கியை என் வாய்க்கு நேரே நீட்டினார். “மனிதக் கை பட்டதா?”

எனக்கு அந்த ஆராய்ச்சி நிலையம் ஞாபகம் வந்தது. ஒத்துக்கொள்கிறேன், ஒரு வினாடி வந்தது. கன்று எழுந்து நிற்கப் பார்த்து அக்கா மேலேயே விழுந்தது.

“பட்டுதுங்க சார். முழங்கை வரைக்கும் உள்ள விட்டு இழுத்தேனுங்க.”

நவீன்குமாரின் முகத்தில் நிஜமான துக்கம். கன்றை அவர் அதற்கப்புறம் பார்க்கவே இல்லை, கீழே விழுந்த பலகாரத்தைப் பார்க்காத மாதிரி.

“மாசுபட்டுவிட்டது” என்றார். “கொண்டுபோங்கள்.”

மேடைப் பலகைகளைப் பிரித்து அகழி மேல் போட்டுக் கொடுத்தவர் ஆசீர்வாதம். கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா முன்னால் போனார். மல்லிகா அதை முகர்ந்துகொண்டே கிணிகிணியென்று பின்னால் போனாள். பலகை போட்டாகிவிட்டதே என்று கோமதி அம்மையாரும் தட்டோடு அந்த வழியாகவே நடந்தார். “இவ்வளவு பக்கமா இருக்கு?” என்றார்.

சான்றிதழ் கிடைக்கவில்லை. இப்போது ஊரில்தான் இருக்கிறேன், தவிடு வைத்துக்கொண்டு. ஆனந்தி அக்கா வாரம் ஒருமுறை வீடியோவில் கன்றைக் காட்டுகிறார். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறதாம், பெருமையாகத் திட்டுகிறார்.

இயக்கம் சும்மா இருக்குமா? போன வாரம் அறிக்கை விட்டிருக்கிறார்கள். தீவில் எஞ்சியிருந்த கடைசித் தாயும் சேயும் மனிதத் தலையீட்டால் அகற்றப்பட்டதால், குள்ளக் காட்டுமாடு அழிந்துபோன இனமாம். பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து, ஒரு பிற்பகலில் நடந்து வீட்டுக்குப் போய்விட்ட இனம். அதற்கு நினைவுத்தூண் எழுப்ப நிதி திரட்டுகிறார்கள். நேற்று நிமியே கூப்பிட்டார். இனம் அழிந்ததைப் பற்றி ஒரு பன்னாட்டு மாநாடு நடத்துகிறார்களாம். அழிந்ததை நேரில் கண்ட ஒரே சாட்சி என்று என்னைப் பேசச் சொல்கிறார். விமான டிக்கெட் அவர்களுடையது. கண்கலங்கப் பேச வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

அக்காவிடம் சொன்னேன். “போடி, போயி எம் மாட்டக் காட்டிட்டு வா” என்றார். அதுதான் யோசனை! மேடை ஏறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியே லயத்துக்கு வீடியோ போட்டு, பெரிய திரையில் அழிந்துபோன இனத்தைப் புல் தின்னவிட்டால்? நான் பையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். போகட்டுமா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?